மணற்சோற்றுக்கு வந்த விருந்தினர்

புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலைவழி வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் மரக்காணம். பக்கிங்காம் கால்வாய் தன் நெடும்பயணத்தை முடித்துக்கொள்ளும் தென்முனை அது. கழுவெளிக் கழியும் கடலும் அணைத்துக் கிடக்கும் அந்நிலப்பரப்பில் உப்புப் பாத்திகள் கட்டம் கட்டமாக விரிந்து செல்கின்றன. பருவத் தொடக்கத்தில் பாத்தியின் தளத்தைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவர். மிதி தளர்ந்தால் உப்பில் சேறு ஏறும். வரப்புக்கு அப்பால், தாய் தந்தையர் வேலை முடிந்து வரக் காத்திருக்கும் குழந்தைக்கும் தெரிந்த வேலை அதுவே. ஈரமணலை மிதித்துத் தளமாக்கும். விரலால் சுவர் எழுப்பும். கொட்டாங்கச்சியில் மணலைத் திணித்துக் கவிழ்த்துச் சோறு என்னும். தழையைக் கிள்ளிப் போட்டுக் கறி என்னும். தேநீர்க் கடை ஊருக்குள் வந்தபின் தேநீரும் அப்பந்தியில் சேர்ந்துகொண்டது. பண்டம் மாறியதே தவிர, பந்தி மாறவில்லை.

இவ்விளையாட்டுக்குத் தமிழில் ஒரு பெயரன்று, பல பெயர்கள் உள்ளன. கட்டப்படும் வீடு சிற்றில், சிறுமனை. ஆக்கப்படும் உணவு சிறுசோறு. மணலால் செய்து வைக்கும் பெண்ணுருவம் வண்டற்பாவை. சங்க நூல்களுக்கு உரையெழுதியோர் இவற்றைப் பேதைப் பருவத்து ஆடல்கள் என்று ஒரு வரியில் குறித்துவிட்டுக் கடந்துசெல்வர். இக்காலத் திறனாய்வாளர் சிலர் இன்னும் ஒருபடி சென்று, பெண்குழந்தையை அடுக்களைக்குப் பழக்கும் பயிற்சி என்பர். வீடு கட்டும் தொழிலுக்கு வரப்போகிறவன் சிறுவயதிலேயே விளையாட்டு வீடு கட்டிப் பழக வேண்டும் என்று பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ என்னும் நூலில் கூறியிருப்பதை இவர்கள் துணைக்கு அழைக்கலாம். ஆயினும் சங்கப் புலவர்கள் சிற்றிலைப் பயிற்சிக்கூடமாகக் கண்டதற்குச் சான்று இல்லை. அவர்கள் பாட்டில் சிறுசோறு தோன்றும் இடங்களைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரியும். அச்சோற்றுக்கு அருகே குழந்தையல்லாத ஒருவர் வந்து நிற்பார், அல்லது தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவர் யார், என்ன கேட்டார், எப்படி நடந்துகொண்டார் என்பதிலேயே பாட்டின் கருத்து நிற்கும்.

மரக்காணத்தைப் பழைய எயிற்பட்டினமாக அறிஞர் பலர் கொள்வர். பெரிப்ளூஸ் நூல் குறிக்கும் சோபட்மா என்னும் துறைமுகமும் இதுவே என்பர். எயில், சோ ஆகிய இரு சொற்களும் மதிலைக் குறிப்பன என்பது அவர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று. எயிற்பட்டினத்தைப் பாடும் சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்தது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்னும் பெயர் மரக்காணத்துக்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நிலத்துக்கு இன்றும் வழங்குகிறது. ஆகவே நத்தத்தனாருக்கு இந்த உப்புக்காற்று புதியதன்று.

அவர் பாட்டில் உப்பு வணிகரின் பிள்ளைகள் விளையாடும் காட்சி ஒன்று உண்டு. உமணர் வண்டிகளோடு வந்த மந்தி ஒன்று, அவ்வண்டியில் வந்த குழந்தைகளுள் ஒன்று போலவே ஆகிவிட்டது. கிளிஞ்சலின் வயிற்றில் முத்துகளை இட்டு மூடிக் கிலுகிலுப்பை செய்து, உமட்டியர் பெற்ற புதல்வரோடு அது ஆடுகிறது. இக்காட்சியை மரக்காணத்துக்கு உரியதாக மேடைகளில் சிலர் எடுத்துரைப்பதுண்டு, அது பிழை. புலவர் அதைப் பாண்டியனின் கொற்கையைச் சொல்லும் இடத்தில் வைத்துள்ளார். ஆனால் உப்பு வண்டியோடு செல்லும் குழந்தைக்கு ஊர் என்று ஒன்று இல்லை என்பதை நினைத்தால், காட்சி எங்கு நிகழ்ந்தாலும் அது உப்பு நிலத்துக் குழந்தையின் காட்சியே. விலைமதிப்பற்ற முத்து அங்கே பரலாகிவிடுகிறது. விளையாட்டில் மணல் சோறாவது போல, முத்து ஒலியெழுப்பும் கல்லாகிறது. பண்டங்களின் மதிப்பைக் குழந்தை இரு திசையிலும் மாற்றும் என்பதை நத்தத்தனார் கண்டிருக்கிறார்.

நெய்தல் நிலத்துச் சிறுமியின் விளையாட்டை மிக நுணுக்கமாகப் பார்த்த கண் அம்மூவனாருடையது. ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் ‘கிழவற்குரைத்த பத்து’ என்னும் பகுதி உள்ளது. 121 முதல் 130 வரை எண்ணிடப்பட்ட அப்பத்தில் கடைசி இரண்டும் கிடைக்கவில்லை. எஞ்சிய பாடல்களில் ஒரு சிறுமி கடற்கரையில் செய்பவை ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. அவள் இழைத்த பாவையை அலை கொண்டுபோயிற்று. உடனே அவள் கடலைத் தூர்க்க மணலை அள்ளி வீசுகிறாள். வேறொரு பாட்டில் கண் சிவக்க அழுது நிற்கிறாள். 128ஆம் பாட்டில், பால் சுரவாத தன் மார்பில் அணைத்து, உண்ண இயலாத பாவைக்கு ஊட்டுகிறாள். மூன்றே அடிகளுள் இவ்வளவு சொல்லிவிடுகிறார் புலவர். பாவை உண்ணாது என்பதும் மார்பில் பால் இல்லை என்பதும் பார்ப்பவருக்குத் தெரியும். சிறுமிக்கும் தெரியாமலா இருக்கும்? தெரிந்தே ஊட்டுகிறாள். பாவனை என்பதன் முழு இலக்கணமும் அந்த ஊட்டலில் அடங்கியிருக்கிறது.

ஆனால் அதைப் பார்க்கும் கண் யாருடையது? தலைவன் புதிதாக நாடிய ஒருத்தியைச் சுட்டித் தலைவி எள்ளும் பேச்சு அது. அவளைப் பெதும்பைப் பருவத்தினள் என்று உரைமரபு கூறும். ‘உன் உறவினளைக் கண்டோம், அவள் இன்னும் பாவைக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கிறாள்’ என்பது தலைவனை நோக்கி எறியப்படும் கல். அன்பால் பார்த்தவள் அல்லள் அவள், புண்பட்டுப் பார்த்தவள். இருந்தும் அந்த ஏளனத்துக்குள்ளே சிறுமியின்பால் ஓர் இரக்கம் கசிவதை மறுக்க இயலாது. இந்தக் குழந்தையையா நீ நாடினாய் என்னும் கேள்வி இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் சூடு ஆறாமல் இருக்கிறது.

இனி, மணற்சோற்றுக்கு உண்மையிலேயே ஒரு விருந்தினன் வந்து நின்ற பாட்டுக்கு வரலாம். அகநானூறு களிற்றியானை நிரையில் 110ஆம் பாட்டு. பாடியவர் போந்தைப் பசலையார். தோழி செவிலித்தாய்க்கு அறத்தொடு நிற்கும் துறை. தாய் அறிந்தாலும் ஊர் அலர் தூற்றினாலும் இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று தொடங்கி, புகார்த் தெய்வத்தின் முன் சூளுரைக்கவும் துணிந்து, தோழி நடந்ததைச் சொல்கிறாள். அன்று அவர்கள் கடலில் ஆடினர், மணல்வீடு கட்டினர், சிறுசோறு ஆக்கிக் குவித்தனர். ஆடிய களைப்புத் தீர அமர்ந்திருந்தபோது அவன் வந்தான். பொழுது மங்கிவிட்டது, நானும் மிகக் களைத்திருக்கிறேன், மெல்லிய இலையில் பரப்பிய விருந்தை உண்டு இச்சிற்றூரில் தங்கினால் உங்களுக்கு என்ன குறை என்று கேட்டான்.

எந்த விருந்தை அவன் கேட்டான்? மணலில் குவித்து வைத்த சிறுசோற்றையா, ஊருக்குள் அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் பெருஞ்சோற்றையா? பாட்டு இதை விளக்கவில்லை. விளக்காமல் விட்டதிலேயே அதன் அழகு உள்ளது. மணற்சோறு முன்னே இருக்கிறது. வழிப்போக்கன் வேடமும் பொழுது சாய்ந்த சாக்கும் விருந்துண்ணும் ஆசையும் கொண்டு வந்தவன், குழந்தைகளின் பாவனைக்குள் தானும் ஒரு பாவனையோடு நுழைகிறான். சிறுமியர் விளையாட்டாகவே விடையளித்திருக்கலாம். ஓர் இலையை நீட்டி உண்ணச் சொல்லியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. தலை கவிழ்ந்து, ஒருவர் பின் ஒருவர் ஒதுங்கி, மெல்லிய குரலில், எங்களுடையது இழிந்த மீனுணவு, அது உமக்கு ஏற்றதன்று என்கின்றனர். விளையாட்டுக்குள் நின்று கேட்டவனுக்கு விளையாட்டுக்கு வெளியே நின்று விடை கூறிவிட்டனர். மணற்சோற்றில் இழிவு உயர்வு இல்லை. மீன்சோறு என்ற உடனே குடி, குலம், தேர், ஏழ்மை ஆகிய அனைத்தும் கடற்கரையில் வந்து இறங்கிவிடுகின்றன.

அதன்பின் அவர்கள் செய்வது கவனத்துக்குரியது. கொடியுயர்த்திய கப்பல்கள் வருவதைக் காணச் செல்வோம் என்று ஒரு சாக்குச் சொல்லி, கட்டிய சிற்றிலைத் தம் காலாலேயே சிதைத்துவிட்டுப் பெயர்கின்றனர். தமிழ்ப் பாடல்களில் சிற்றிலைச் சிதைப்பவன் பெரும்பாலும் ஆண்பிள்ளை, அலையும் சிதைக்கும். இங்கே கட்டியவர்களே சிதைக்கிறார்கள். பெரியவன் ஒருவன் தேரோடு வந்து நின்றபின் அந்த வீட்டுக்குள் இனி இருக்க இயலாது என்று அக்கால்களுக்குத் தெரிந்துவிட்டது. சென்ற பலருள் ஒருத்தியை மட்டும் குறித்து நோக்கி, நான் போகட்டுமா என்று அவன் உள்ளம் உடைந்து கேட்டதையும், போ என்று அவள் சொன்னதையும், தேரின் கொடிஞ்சியைப் பற்றிக்கொண்டு அவன் நின்ற நிலை இன்றும் கண்ணுக்குள் இருப்பதையும் சொல்லித் தோழி முடிக்கிறாள்.

இதே மீன் சிறுபாணாற்றுப்படையில் எவ்வளவு பெருமிதத்தோடு பரிமாறப்படுகிறது என்பதை ஒப்பிட வேண்டும். எயிற்பட்டினத்தில் அலை ஒதுக்கிய அகில்தான் விறகு. நுளைமகள் அரித்த கள்ளைப் பரதவர் ஊட்டுவர். காயவைத்துச் சுட்ட குழல்மீன் இடந்தோறும் கிடைக்கும் என்று பசித்த பாணனுக்கு வழிகூறப்படுகிறது. பாணனுக்கு அது விருந்து. தேரில் வந்தவனுக்கு அதுவே இழிந்த உணவாகிவிட்டது. மீனைத் தாழ்த்தியவன் அவன் அல்லன், சிறுமியரே. சோறாக்கி விளையாடும் வயதிலேயே தம் வீட்டுச் சோற்றுக்கு நாணக் கற்றுவிட்டனர். அடுக்களைப் பயிற்சி என்று பேசும் திறனாய்வாளர், பாட்டில் உள்ளபடியே நடந்து முடிந்த இந்தப் பயிற்சியைக் குறிப்பிடாமல் விடுவது வியப்பே.

கலித்தொகைக்கு வந்தால் விருந்தினரின் குணம் மாறுகிறது. முல்லைக்கலியின் 111ஆம் பாட்டில், சிற்றில் கட்டிக்கொண்டிருந்தவளிடம் ஆயர்குலத்து இளைஞன் ஒருவன் வந்து, இச்சிறுவீட்டைக் கட்ட நானும் கொஞ்சம் கைகொடுக்கட்டுமா என்கிறான். பிறர் கட்டிய வீட்டில் குடியிருக்கப் பழகிய உனக்கு இதெல்லாம் தெரியாது என்னும் பொருள்பட அவள் நகைத்து அனுப்புகிறாள். அவன் காதலன், உள்நோக்கத்தோடு வந்தவன் என்பது உண்மையே. ஆயினும் உத்தரவு கேட்டான். மணலில் அமர்வதற்கு முன் உத்தரவு கேட்ட பெரியவர் தமிழ்ப் பாட்டில் மிகச் சிலர். அவர்களுள் அவனுக்கு முதலிடம் கொடுக்கலாம்.

குறிஞ்சிக்கலியின் 51ஆம் பாட்டு அனைவரும் அறிந்தது. தெருவில் ஆடிய நாளில் மணல்வீட்டைக் காலால் எற்றிவிட்டு, கூந்தல் மாலையைப் பறித்து, வரிப்பந்தைக் கொண்டோடிய பட்டி ஒருவன், வளர்ந்தபின் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்கிறான். மணல்வீட்டை உடைத்தவன் மெய்வீட்டுக்கு விருந்தினன் ஆகிறான். நீர் கொடுத்த கையை அவன் பற்ற, அவள் அலற, தாய் ஓடிவர, குடிக்கையில் விக்கிக்கொண்டது என்று அவள் சொல்லிவிடுகிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவனோ தாயறியாமல் கடைக்கண்ணால் நோக்கி நகுகிறான். தான் ஆடுவதை அறியாமலேயே தாய் பிள்ளைகளின் பாவனைக்குள் ஒரு பாத்திரமாகிவிட்ட இடம் இது. சங்கப் பாட்டில் தாய் விளையாட்டுக்குள் வரும் அரிய தருணம், ஆனால் ஏமாற்றப்பட்டு வருகிறாள். இதைப் படித்துச் சிரிக்காத தாய் இருக்க முடியாது. சிரித்தபின் சற்றே உறுத்தாமலும் இராது.

பக்தி இலக்கியத்தில் விருந்தினன் இறைவன். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுவதும் சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் சிறுமியர் முறையிடுவதே. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றிற் பருவம் எட்டாவது. ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தொடங்கிப் பின்வந்த நூல்கள் பலவற்றிலும் முதிர்ந்த புலவர், மணலில் அமர்ந்த சிறுமியரின் குரலை ஏற்றுத் தலைவனிடம் மன்றாடுகிறார். பெண்பாலுக்குச் சிற்றிலிழைத்தலையும் சிறுசோறாக்கலையும் கூறும் மரபும் உண்டு. இவை காலப்போக்கில் சடங்காகித் தேய்ந்தன என்பது உண்மை. ஒன்றைப் போன்றே மற்றொன்று. சந்தம் மட்டும் வேறு. எனினும் அரசவையில் வீற்றிருந்த ஒருவர் ஒரு பருவம் முழுதும் மண்ணில் அமர ஒப்பினார் என்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

காதலன் வந்தான், போக்கிரிப் பையன் வந்தான், கடவுள் வந்தான், புலவரும் வந்தார். குழந்தைக்கு மிக அருகில் இருக்கும் தாய் எங்கே? சங்கத் தாய் விளையாட்டுக் களத்துக்கு வரும்போது விளையாட்டு முடிந்திருக்கும். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் பாடிய 375ஆம் பாட்டில், மகள் உடன்போன பின் அவள் பாவையையும் கிளியையும் பூவையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் தாய் கலங்குகிறாள். விளையாட்டுப் பொருள்களின் பெயரை அவள் சரியாகச் சொல்லிவிடுகிறாள். அவற்றோடு ஆடியவளோடு என்றேனும் அமர்ந்தாளா என்பது பாட்டில் இல்லை. தந்தையரின் நிலை சற்று மேல். புறநானூறு 188இல் பாண்டியன் அறிவுடைநம்பி, நெய்ச்சோற்றில் கைவிட்டுத் துழாவி மேனியெல்லாம் இறைத்துக்கொள்ளும் குழந்தை இல்லாத வாழ்வு பயனற்றது என்கிறான். சோறு அங்கே மெய்ச்சோறு, விளையாட்டாக்கியது குழந்தை. மன்னன் அப்பந்தியில் அமர்ந்து மகிழ்ந்தவன் என்பது சொல்லில் தெரிகிறது. அச்சோற்றை ஆக்கியவளும், சிந்தியதைத் துடைத்தவளும் பாட்டில் இல்லை.

ஏட்டில் கிடைக்காத அந்தத் தாய் வழக்கத்தில் கிடைக்கிறாள். அதற்கு இக்கடற்கரையை விட்டுத் தெற்கே நெல்லைப் பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்குச் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒரு வழக்கம் உண்டு. மார்கழி முழுதும் வாசற்கோலத்தில் சாணவுருண்டை வைத்துப் பூச்செருகி, அப்பூக்களைச் சாணத்தோடு தட்டி எருவாகக் காயவைப்பர். தைப்பொங்கல் கழிந்தபின் ஒரு நாளில், சிறுமியருக்காக முற்றத்தில் மண்ணால் சிறுவீடு அமைத்து, சிறுபானையில் பொங்கலிடுவர். பின்னர் அப்பொங்கலையும் பூத்தட்டிய எருவையும் சிறுமியர் ஆற்றுக்கோ குளத்துக்கோ கொண்டுசென்று நீரில் விடுவர். சிறுவீடு என்பது சிற்றில் என்னும் சொல்லேயன்றி வேறில்லை. சங்கப் பாட்டின் சொல் உரையாசிரியர் கையில் பழையதாகிப்போக, பெண்கள் அதை ஆண்டுதோறும் புதுப்பித்து வைத்திருக்கின்றனர். இங்கே வீட்டைச் சிதைப்பவர் இல்லை. தாயும் பாட்டியும் குனிந்து அடுப்பூதிக் கொடுக்கின்றனர். மணற்சோறு மெய்ச்சோறாகி, நாவில் இனிக்கிறது. அகநானூற்றுச் சிறுமியர் வெட்கிச் சிதைத்த பந்தியை இவர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரும்பக் கட்டுகின்றனர் என்று சொல்லத் தோன்றுகிறது. வரலாற்றுத் தொடர்பு காட்டுவது கடினம். சொல்லுறவு மட்டும் தெளிவு.

மரக்காணத்துத் தாய்க்கு அவ்வளவு பொழுது வாய்ப்பதில்லை. தை, மாசியில் தொடங்கும் உப்புப் பருவம் வெயில் மாதங்களில் உச்சம் கொள்ளும். வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்க வேண்டும். உப்பை வாரிக் குவிக்க வேண்டும். கூடையில் தலைச்சுமையாகக் கரையேற்ற வேண்டும். குழந்தை வரப்பில் தனியே சோறாக்குவது அப்பருவத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையில் பாத்திகள் நீரில் மூழ்கியபின் வேலை நின்றுவிடும். தாய் வீட்டில் இருப்பாள். ஆனால் அது கூலியில்லாத காலம். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. அடுப்பில் மெய்ச்சோறு குறையும் மாதங்களில்தான் மணற்சோற்றுக்கு அவளால் வர முடிகிறது. மழை விட்ட மாலையில் திண்ணையோரம் குந்தி, குழந்தை நீட்டும் கொட்டாங்கச்சித் தேநீரைச் சூடு தாங்காதவள் போல் ஊதி ஊதிக் குடித்து, ‘சர்க்கரை போடலையா கண்ணு?’ என்று கேட்கும் ஒரு தாயும், ‘வீட்ல உப்புதாம்மா இருக்கு’ என்று விடை சொல்லும் ஒரு மகளும் எட்டுத்தொகையுள் எந்தத் தொகையிலும் இல்லை.